நாகர்கோவில்காரன் பார்வையில் மேஜிக் கார்டு ஆட்டத்தின் நாகர் படை

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் மனிதக் கை, பாம்பு முகம், இடுப்புக்குக் கீழே பாம்பு உடல் என்று ஒரு கூட்டம் உண்டு. அந்த நாகர்களை மட்டும் நம்பி ஒரு டெக் (ஆட எடுத்துக்கொள்கிற கார்டுக் கட்டு) கட்ட முடியுமா, கட்டினால் போட்ட காசுக்கு ஆட்டம் இருக்குமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும், ஆட்டமும் இருக்கிறது. நானும் என் அக்கா மகனும் சேர்ந்து சிடிசி என்ற நாக அரசியைத் தலைமையாக வைத்து 100 கார்டு டெக் ஒன்று கட்டி, இப்போதும் அதைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் மிரட்டுகிற பெரிய நாகங்களை நம்பித்தான் இதில் இறங்கினோம். டெக்கைத் தாங்கிப் பிடிப்பது நிலம் தேடிக் கொடுக்கிற சின்னப் பாம்புகள். நாகர் என்றால் யார் என்று எங்கள் ஊரில் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்ததற்கும் அந்தச் சின்னப் பாம்புகள்தான் பக்கத்தில் வருகின்றன.

நான் வடசேரிப் பக்கம் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புத்தகம், இதுதான் தொழில். மருமகன் பெங்களூரில் படிக்கும்போது இந்த ஆட்டத்தைப் பழகிக்கொண்டு வந்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பேப்பர் அடுக்குகிற மேஜையைத் துடைத்து, அவனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் நானுமாக உட்கார்ந்துவிடுகிறோம். நாலு பேர் ஆடும் கமாண்டர் முறைதான் எங்களுக்கு. ஆளுக்கு 100 கார்டு, அடிப்படை நிலங்களைத் தவிர எந்தக் கார்டும் ஒன்றுக்கு மேல் கூடாது, ஆளுக்கு 40 உயிர்ப் புள்ளி. தலைமைக் கார்டு தனியே வெளியில் இருக்கும். செத்தால் திரும்பக் கூப்பிடலாம், ஒவ்வொரு தடவையும் 2 மானா (கார்டை இறக்கக் கொடுக்கிற விலை) கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு இரண்டே வரி. ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி, விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ஆட்டம் இது. நிலக் கார்டிலிருந்து மானா வரும், மானாவைக் கொடுத்து உயிர்களையும் மந்திரங்களையும் இறக்கி எதிராளியை அடிக்கலாம். இன்னும் எடுக்காத கட்டுக்கு லைப்ரரி என்று பேர். செத்ததும் செலவானதும் போகிற குவியல் கிரேவ்யார்டு. இந்த இரண்டு பேரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிடிசிக்கு இதில்தான் பிழைப்பு.

நாகர்கள் கூட்டமாக வந்தது 2014 செப்டம்பரில் வெளியான கான்ஸ் ஆஃப் தார்கிர் தொகுப்பில். தார்கிர் என்ற உலகில் ஐந்து குலங்கள். அதில் கறுப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்தது சுல்தாய் குலம். சதுப்பும் காடும் ஆறுமான நாடு, அதற்கு நடுவே ஆடம்பரமான அரண்மனை. செத்தவர்களை எழுப்பி அடிமை வேலை வாங்குகிற குலம் அது. இரக்கமின்மையைத்தான் பெரிய குணமாகக் கொண்டாடுகிறார்கள். டிராகனின் பல் அவர்கள் சின்னம், சிடிசி அவர்களுடைய கான், அதாவது தலைவி.

படங்களைப் பற்றி அச்சுக்காரனாக என்னால் மனசாரப் பாராட்டிப் பேச முடியும். செதிலின் மேல் விழுகிற பச்சை வெளிச்சம், தங்க நகையின் மங்கல், பின்னால் சேற்றுத் தண்ணீரின் கறுப்பு, இவையெல்லாம் 63 மில்லிமீட்டர் அகலமுள்ள கார்டில் பாதிக்கும் குறைவான இடத்தில் வந்து நிற்கின்றன. கறுப்புக்குள்ளே கறுப்பு தெரிய வேண்டும் என்றால் அச்சில் எவ்வளவு பாடு என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் உருவத்தில் எனக்கு ஒரு குறை. தார்கிரின் நாகருக்குக் கை மனிதக் கை, முகம் பாம்பு முகம். நம் கோயில் கல்லில் பாருங்கள், நாககன்னிக்கு முகம் மனித முகம், தலைக்குப் பின்னால் பாம்பின் படம் குடை பிடித்திருக்கும், இடுப்புக்குக் கீழேதான் உடல் சுருண்டு போகும். முகம் மனித முகமாக இருந்தால் அதனிடம் ஒன்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. பாம்பு முகமாக்கிவிட்டால் பயம் மட்டும்தான் மிஞ்சுகிறது. சுல்தாய் நாட்டை வரைந்தவர்கள் கம்போடியாவின் கெமர் கட்டடக் கலையைப் பார்த்து வரைந்திருப்பது கூரைகளிலும் படிக்கட்டுகளிலும் தெரிகிறது. அங்கோர் கோயில்களுக்குப் போகும் பாதையின் இரு பக்கமும் நாகங்கள் கைப்பிடிச் சுவராக நீண்டு கிடக்கும், வருகிறவர்களுக்குக் காவலாக. அந்தக் காவல் வேலையை விட்டுவிட்டு, நாகரைக் கொடுங்கோலராக மட்டும் இந்த ஆட்டம் எடுத்துக்கொண்டது எனக்கு வருத்தம்தான்.

சிடிசி கார்டை அம்மா ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்தாள்.

“இது என்னல மக்கா? நாகருக்கா இப்பிடி மூஞ்சி?”

“இது வேற ஊரு நாகரும்மா.”

“எந்த ஊரா இருந்தா என்ன? நாகரு நமக்குக் கெட்டது செய்ய மாட்டாருல்லா.”

சரி, ஆட்டத்துக்கு வருவோம். சிடிசி, ப்ரூட் டைரன்ட். நான்கு மானா, 3/3, அதாவது அடிக்கும் சக்தி 3, தாங்கு சக்தி 3. மைதானத்துக்கு வரும்போதும், ஒவ்வொரு தடவை தாக்கும்போதும், உங்கள் லைப்ரரியின் மேலிருந்து மூன்று கார்டு நேரே கிரேவ்யார்டுக்குப் போகும். அப்படி லைப்ரரியிலிருந்து ஒரு உயிர்க் கார்டோ அதற்கு மேலோ கிரேவ்யார்டுக்குப் போனால் 2/2 ஸோம்பி டோக்கன் (டெக்கில் இல்லாமல் புதிதாக உருவாகிற உயிர்) ஒன்று கிடைக்கும். இங்கே புதிதாக ஆடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஒரே வீச்சில் மூன்று உயிர்க் கார்டு விழுந்தாலும் ஸோம்பி ஒன்றுதான். அதனால் ஒரேயடியாகப் பத்து கார்டு கொட்டுகிற மந்திரத்தைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொட்டுகிற கார்டுகள் இந்த டெக்குக்கு லாபம்.

அந்த வேலைக்கு அதே குலத்தில் ஆள் இருக்கிறது. சுல்தாய் சூத்சேயர் ஐந்து மானா, 2/5. வந்ததும் மேலிருந்து நான்கு கார்டு பார்த்து, ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் கிரேவ்யார்டுக்கு அனுப்பும். சிடிசி மைதானத்தில் இருந்தால், அந்த மூன்றில் ஒரு உயிர்க் கார்டு இருந்தாலே ஸோம்பியும் வந்துவிடும். ஆக ஒரு கார்டு கைக்கு, ஒரு 2/5 உடம்பு, ஒரு ஸோம்பி. பொதுவாக நாலு பேர் ஆட்டத்தில் 2/5 உடம்பை யாரும் மதிப்பதில்லை. ஆனால் மூன்று பேர் உங்களைக் குறிவைக்கும்போது ஐந்து தாங்கு சக்தி எவ்வளவு பெரிய மதில் என்று உட்கார்ந்து ஆடினால் தெரியும். சுல்தாய் ஃபிளேயர் நான்கு மானாவுக்கு 3/4. உங்கள் பக்கத்தில் தாங்கு சக்தி நான்கோ அதற்கு மேலோ உள்ள உயிர் எது செத்தாலும் உங்களுக்கு 4 உயிர்ப் புள்ளி. அது செத்தாலும் அந்த 4 உண்டு. சாகு ஆர்ச்சர் என்ற வில்லாளி நாகம் பறக்கிற உயிர்களைத் தடுக்கும், அதற்கு மேல் அதிலிருந்து ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள்.

கேரு ஸ்பெல்ஸ்நாச்சர் மட்டும் தனி ரகம். இதை மார்ஃப் முறையில் மூன்று மானாவுக்குக் கவிழ்த்து வைக்கலாம். கவிழ்ந்து கிடக்கும்போது அது பேர் இல்லாத 2/2. யாராவது பெரிய மந்திரம் ஒன்றைப் போடும் நேரம் பார்த்து ஆறு மானா கொடுத்துத் திருப்பினால், அந்த மந்திரம் தடைபட்டுப் போகும். அதோடு விடாது, அந்தக் கார்டை ஒதுக்கி வைத்து, பிறகு நீங்களே மானா கொடுக்காமல் போட்டுக்கொள்ளலாம். எதிரில் இருக்கிறவன் பத்து மானா சேர்த்து வைத்துப் போட்ட மந்திரம் உங்கள் பக்கம் வந்துவிடும். இந்தக் கார்டு எங்கள் மேஜையில் விழுந்த அன்றிலிருந்து, நான் எதைக் கவிழ்த்து வைத்தாலும் மூன்று பேரும் யோசித்துத்தான் மந்திரம் போடுகிறார்கள்.

கான்ஸ் தொகுப்பில் சுல்தாயின் சிறப்புத் திறனுக்கு டெல்வ் என்று பேர். மந்திரத்தின் விலையில் ஒரு பகுதியை, கிரேவ்யார்டிலிருந்து கார்டுகளை ஒதுக்கிக் கட்டிவிடலாம். டிரெஷர் க்ரூஸ் என்ற கார்டு எட்டு மானா, மூன்று கார்டு எடுக்கலாம். கிரேவ்யார்டில் ஏழு கார்டு கிடந்தால் ஒரே ஒரு நீல மானாவில் முடிந்துவிடும். அதுவும் டிக் த்ரூ டைம் என்ற இன்னொரு டெல்வ் கார்டும் எவ்வளவு வலிமையாகிவிட்டன என்றால், மாடர்ன் என்கிற போட்டி முறையில் 2015 ஜனவரியிலேயே இரண்டையும் தடை செய்துவிட்டார்கள். கமாண்டரில் தடை இல்லை. டிரெஷர் க்ரூஸ் காமன் வகை, அதாவது எளிதில் கிடைக்கிற கார்டு என்பதால் விலையும் குறைவு. டெல்வ் செய்யும்போது உயிர்க் கார்டுகளை விட்டுவிட்டு, செலவான மந்திரங்களையும் விழுந்துபோன நிலங்களையும் மட்டும் ஒதுக்குங்கள். உயிர்க் கார்டுகள் கீழே கிடக்கட்டும், அவற்றுக்குக் கடைசியில் வேலை இருக்கிறது. எங்கள் டெக்கில் அந்த வேலை லிவிங் டெத் என்ற பழைய கார்டுக்கு. 1997-இல் வந்தது, ஐந்து மானா. மைதானத்தில் இருப்பவை எல்லாம் செத்து, கிரேவ்யார்டில் இருந்த உயிர்கள் எல்லாம் எழுந்து வரும். எல்லோருக்கும் பொதுவான மந்திரம்தான், ஆனால் வேண்டுமென்றே கிரேவ்யார்டை நிரப்பி வைத்திருப்பது நாம் ஒருவர்தானே.

இந்த டெக்கின் பலவீனமும் அங்கேயேதான். போஜுகா பாக் என்று ஒரு நிலக் கார்டு உண்டு. அது மைதானத்துக்கு வந்ததும் ஒருவருடைய கிரேவ்யார்டு முழுவதையும் ஒதுக்கிவிடலாம். நிலம் என்பதால் மந்திரத்தைத் தடுப்பதுபோல அதைத் தடுக்கவும் முடியாது. மருமகன் எந்த டெக் ஆடினாலும் கறுப்பு நிறம் இருந்தால் அதைச் சேர்த்துவிடுவான். “மாமா, சிடிசிய எதுக்கு அடிக்கணும்? கிரேவ்யார்ட அடிச்சா போரும்” என்பான். அவன் சொல்வது சரிதான். இன்னொரு ஆபத்து, சிடிசியைக் கண்மூடித்தனமாகத் தாக்கவிட்டுக்கொண்டே போனால் உங்கள் லைப்ரரியே தீர்ந்துபோகும். எடுக்கக் கார்டு இல்லாமல் எடுக்க வேண்டி வந்தால் அங்கேயே தோல்வி. லைப்ரரி 20-க்குக் கீழே வந்ததும் தாக்குதலை எண்ணி நடத்துங்கள்.

சிடிசியின் இரண்டாவது உருவம் 2015-இல் டிராகன்ஸ் ஆஃப் தார்கிர் தொகுப்பில் வந்தது. கதையில் காலமே மாறிப்போய், டிராகன்கள் ஆளும் தார்கிரில் அவள் செத்து எழுந்து சிலும்கார் என்ற டிராகனுக்கு மந்திரியாக இருக்கிறாள். சிடிசி, அன்டெட் விஸியர், 4/6, தொட்டாலே சாவு. வந்தவுடன் உங்கள் உயிர் ஒன்றைப் பலி கொடுத்தால் லைப்ரரி முழுக்கத் தேடி எந்தக் கார்டை வேண்டுமானாலும் கையில் எடுக்கலாம். முதல் சிடிசி தந்த ஸோம்பியைப் பலி கொடுத்து இரண்டாவது சிடிசியால் லிவிங் டெத்தை எடுப்பது எங்கள் டெக்கின் நேர் வழி. வலுவான கார்டு, மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஆட்டம் அதே தடத்தில் போய் முடியத் தொடங்கியதும் நாங்கள் அதை எடுத்து வைத்துவிட்டோம். உங்கள் மேஜையில் போட்டி கடுமை என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

அமோன்கெட் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2017-இல் வந்த எகிப்துச் சாயல் உலகம் அது. அங்கேயும் நாகர்கள் உண்டு, ரோனாஸ் என்ற பாம்புத் தலைக் கடவுளும் உண்டு. நாகா வைட்டலிஸ்ட் இரண்டு மானா, தட்டினால் (கார்டைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால்) உங்கள் நிலங்கள் தரக்கூடிய எந்த வகை மானாவானாலும் ஒன்று தரும். மூன்று நிற டெக்குக்கு அது ஒன்று போதும். ஹபாத்ரா என்ற கார்டில் இருப்பவள் மனிதப் பெண்தான், நாகம் இல்லை, ஆனால் அவளால் பாம்பு டோக்கன்கள் வரும். அதற்கு உயிர்கள் மேல் -1/-1 கவுன்டர் (சக்தியைக் குறைக்கிற அடையாளம்) வைக்கிற தனி டெக் வேண்டும், இதில் ஒட்டாது.

இனி நான் சொல்ல வந்த சின்னப் பாம்புகள். 2004-இல் வந்த சாம்பியன்ஸ் ஆஃப் காமிகாவா தொகுப்பு ஜப்பானியத் தொன்மங்களை வைத்து எழுந்தது. அதில் ஒரோச்சி என்று பாம்பு மனிதர்கள், கை நான்கு, காலும் உண்டு. காட்டைக் காக்கிற கூட்டம். அவர்களில் சகுரா ட்ரைப் எல்டர் என்ற பெரியவர் இரண்டு மானா, 1/1. இவரைப் பலி கொடுத்தால் லைப்ரரியிலிருந்து அடிப்படை நிலம் ஒன்றைத் தேடி மைதானத்தில் வைக்கலாம். அதற்கு மானா கொடுக்க வேண்டாம், தட்டவும் வேண்டாம். அதனால் எதிராளியின் பெரிய உயிர் ஒன்று அடிக்க வரும்போது இவரை முன்னால் நிறுத்தித் தடுத்துவிட்டு, அடி விழும் முன்னே பலி கொடுத்துவிடலாம். அடியும் நம் மேல் விழாது, நிலமும் வந்துவிடும். சிடிசி டெக்கில் அவர் செத்த பிறகும் லிவிங் டெத்தில் எழுந்து வருவார், மறுபடியும் நிலம் தருவார். இருபது வருடம் தாண்டியும் பச்சை டெக் கட்டுகிறவர்கள் இவரை விடாமல் சேர்ப்பது சும்மா இல்லை. பல தொகுப்புகளில் மறுபடி மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள், விலையும் நம் கைக்கு எட்டும்.

அவரோடு சேர்க்க வேண்டியது காயிலிங் ஆரக்கிள். 2006-இல் டிசென்ஷன் தொகுப்பில் வந்த இரண்டு மானா உயிர். வந்ததும் லைப்ரரியின் மேல் கார்டைத் திறந்து காட்ட வேண்டும். நிலமானால் நேரே மைதானத்துக்கு, இல்லாவிட்டால் கைக்கு. எப்படி விழுந்தாலும் நஷ்டம் கிடையாது. இப்படி எதைத் திறந்தாலும் கொடுக்கத்தான் செய்கிற கார்டை நான் வேறு பார்த்ததில்லை.

பாம்பு என்றால் நிலம் தருகிறவர், நிலத்தைக் காக்கிறவர் என்பதை இந்த இரண்டு கார்டும் அறியாமலே சொல்லிவிடுகின்றன. எங்கள் ஊர் நாகராஜா கோயிலுக்கு வந்தவர்களுக்கு இது விளங்கும். கருவறை கல் கூரை போட்டதல்ல, ஓலை வேய்ந்தது. நாகராஜா இருக்கிற இடம் ஈர மண், அந்த மண்ணையே பிரசாதமாக எடுத்துத் தருகிறார்கள். ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெள்ளையாகவும் அது நிறம் மாறும் என்று சொல்வார்கள். ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் பாலும் மஞ்சளும் கொண்டு வந்து, அரசமரத்தடியில் வரிசையாக இருக்கிற நாகர் சிலைகளுக்கு ஊற்றுகிற கூட்டத்தை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எங்கள் மாவட்டத்தில் பழைய தறவாட்டு வீடு, பழைய தோட்டம் எதற்குப் போனாலும் ஒரு மூலையில் வெட்டாமல் விட்ட மரங்களோடு நாகர் காவு இருக்கும். அந்த இடம் அவருடையது, மீதிதான் நமக்கு என்பது கணக்கு. நாகராஜா கோயில் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் செதுக்கியிருக்கிறார்கள். சிதறால் மலைப்பாறையிலும் பார்சுவநாதர் தலைக்கு மேல் நாகம் படமெடுத்துக் குடை பிடித்து நிற்கிறது. சமணர் வழிபட்டபோதும் பிறகும் நாகத்துக்குக் காவல் வேலைதான். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு கார்டைப் பார்க்கும்போது, செத்தவர்களை எழுப்பி அடிமை வேலை வாங்குகிற அரசியைவிட, தன்னைக் கொடுத்து ஒரு துண்டு நிலம் கொண்டுவருகிற 1/1 பெரியவரிடம்தான் என் மனசு போகிறது. அம்மா சொன்னதும் இதைத்தான்.

இதில் டெக்குக்கு உதவுகிற ஒரு விதி விஷயமும் இருக்கிறது. பழைய தார்கிர், அமோன்கெட் கார்டுகளில் உயிரின் வகை ‘நாகா’ என்று அச்சாகியிருக்கும். இப்போது ஆட்ட விதிப்படி அவர்கள் எல்லோரும் ‘ஸ்னேக்’ வகை. கேதரர் என்ற அதிகாரப்பூர்வக் கார்டுப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். இதனால் என்ன ஆகிறது என்றால், காமிகாவாவின் பாம்புத் தலைவர்கள் தார்கிரின் நாகர்களுக்கும் தலைவர்கள் ஆகிவிடுகிறார்கள். செஷிரோ மற்ற பாம்புகள் எல்லாவற்றுக்கும் +2/+2 தருவார், அவை எதிராளியை அடித்தால் கார்டும் எடுக்கலாம். சூத்சேயர் 4/7 ஆகிறது, ஃபிளேயர் 5/6.

அதைவிட எனக்குப் பிடித்தது செஷிரோவின் மகள் சாச்சி. நான்கு மானா, 1/3. மற்ற பாம்புகளுக்கு +0/+1. அதோடு உங்கள் பக்கத்து ஷாமன்கள் (இதுவும் உயிர்க் கார்டில் அச்சாகிற ஒரு வகைதான்) எல்லோரும் தட்டினால் ஆளுக்கு இரண்டு பச்சை மானா. சகுரா பெரியவர் ஷாமன். சூத்சேயர் ஷாமன், ஃபிளேயர் ஷாமன், சிடிசியே ஷாமன். பத்து வருட இடைவெளியில், வேறு வேறு உலகத்துக்கு, வேறு வேறு ஆட்கள் வரைந்த கார்டுகள் இப்படிப் பொருந்தி நிற்கும்போது வருகிற சந்தோஷத்துக்காகத்தான் இந்த ஆட்டத்தை ஆடுகிறேன். சாச்சியும் இன்னும் மூன்று ஷாமன்களும் நின்றுவிட்டால் எட்டு பச்சை மானா, அந்த மேஜையில் அன்று உங்களை நிறுத்த ஆள் இல்லை.

இப்போது கார்டு என்ற பொருளைப் பற்றி, என் தொழில் பேசட்டும். மேஜிக் கார்டு 63-க்கு 88 மில்லிமீட்டர். இரண்டு தாளுக்கு நடுவே நீலப் பசை அடுக்கு இருக்கும், வெளிச்சம் பின்னாலிருந்து தெரியாமல் இருக்க. அச்சகத்து லென்ஸை வைத்துப் பார்த்தால் படம் முழுக்கப் புள்ளிகள் பூப்போல வட்டமாக அமைந்திருக்கும், ஆனால் எழுத்துகளின் கறுப்பு மட்டும் புள்ளியில்லாமல் திடமாக இருக்கும். கறுப்புக்குத் தனித் தட்டு போட்டு மேலே அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எழுத்தும் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால், அது அசல் கார்டை ஸ்கேன் செய்து அடித்த போலி. பின்பக்கத்தில் ஐந்து நிற உருண்டைகள் இருக்குமே, அதில் பச்சை உருண்டைக்குள் லென்ஸில் பார்த்தால் நான்கு சிவப்புப் புள்ளிகள் ஆங்கில எல் எழுத்து வடிவில் தெரிய வேண்டும். இணையத்தில் வாங்கிய ஒரு கட்டில் இரண்டு கார்டு இந்தச் சோதனையில் தோற்றன. விற்றவர் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை, லென்ஸ் வழியே எடுத்த போட்டோவை அனுப்பிய பிறகுதான் பணம் வந்தது. நீங்கள் ஒரு சின்ன லென்ஸ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மினுங்குகிற ஃபாயில் கார்டு வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன். தாள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும், மேலே ஒட்டிய ஃபாயில் விரியாது. அதனால் கார்டு வில்லாக வளைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த பத்திரிகை அட்டையில் நாங்கள் தினமும் படுகிற அவஸ்தை இது. நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, இடையில் கடல் காற்று. டெக்கில் இருந்த எங்கள் இரண்டாவது சிடிசியின் ஃபாயில் கார்டு முதல் சாரலிலேயே வளைந்துபோய், கட்டுக்குள் எது அவள் என்று மேலிருந்தே தெரிய ஆரம்பித்துவிட்டது. ஆட்டத்தில் அது குறி வைத்த கார்டு மாதிரி ஆகிவிடும். சாதாரணக் கார்டு வாங்கி, ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறை போட்டு, இறுக்கி மூடுகிற டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலத்தை மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள்.

காசு விஷயம். கான்ஸ் ஆஃப் தார்கிர் பழைய பூஸ்டர் பேக்கை (உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாத பாக்கெட்) தேடி வாங்காதீர்கள். பொல்யூட்டட் டெல்டா போன்ற ஐந்து ஃபெட்ச் நிலங்கள் (வேறு நிலத்தைத் தேடித் தருகிற நிலக் கார்டுகள்) அதில் இருப்பதால் பிரிக்காத பேக்குக்குக் கேட்கிற விலை நாகர்களுக்கான விலை அல்ல. அப்போது சுல்தாய் ஸ்கீமர்ஸ் என்று 60 கார்டு அறிமுக டெக் ஒன்றும் வந்தது. யாராவது பழையதை நியாயமான விலைக்குக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம், அந்தக் குலத்தின் போக்கு ஒரே பெட்டியில் புரிந்துவிடும். இல்லாவிட்டால் ஒற்றைக் கார்டுகளாகவே வாங்குங்கள். நாகர்களில் பெரும்பாலோர் காமன், அன்காமன் வகை, டீக்கடைக் கணக்கில் முடிகிறவை. செலவு வைப்பது மூன்று நிறத்துக்கும் ஒத்துவருகிற நிலக் கார்டுகள்தான். அவற்றை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். அடிப்படை நிலங்களோடு சகுரா பெரியவரையும், ஆரக்கிளையும், வைட்டலிஸ்டையும் வைத்துத் தொடங்கினாலே நிறம் கிடைக்காமல் தவிக்கிற நிலை வராது.

எங்கள் டெக்கில் இப்போது 37 நிலம் இருக்கிறது. மருமகன் 35 போதும் என்கிறான். சிடிசி கொட்டுகிற மூன்றில் நிலம் போய்க்கொண்டே இருக்கும் என்பதால் நான் குறைக்கச் சம்மதிக்கவில்லை. நீங்கள் கட்டும்போதும் 37-இலிருந்து தொடங்குங்கள். சாச்சி கைக்கு வந்து, நாலாவது நிலம் வராமல் இரண்டு சுற்று உட்கார்ந்திருப்பது பொறுக்காது.